கீபோர்டில் தொங்கிய மஞ்சள் அட்டை

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, என் கணவர் எங்கள் வீட்டுக் கீபோர்டில் ஒரு மஞ்சள் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டார். தொழிற்சாலையில் எந்திரங்களைப் பழுது பார்க்கும்போது கட்டுகிற அட்டை அது. 'வேலை நடக்கிறது, தொடாதீர்கள்' என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்திருக்கும். கீழே கட்டியவரின் பெயரும் தேதியும் எழுத இடம் உண்டு. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும் என்பது சட்டம். மேனேஜரே வந்து நின்றாலும் அடுத்தவர் கட்டிய அட்டையில் கை வைக்க மாட்டார்களாம்.

"ஊட்டுல எதுக்குங்க இது? நானும் பாப்பாவும்தானே இருக்கோம்?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் மா," என்றார்.

பாப்பாவுக்கு அப்போது ஒன்றரை வயது. தரையில் கிடக்கும் எதுவும் முதலில் அவள் வாய்க்குத்தான் போகும். அதனால் அட்டை அவளுக்காகத்தான் என்று முதலில் நினைத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாதே, அப்படியானால் எனக்காகவா என்று அப்புறம் ஒரு யோசனை வந்தது. நான் எதையும் இரண்டு தடவை யோசிக்கிறவள். கேஸ் மூடியிருக்கிறேனா என்று படுத்த பிறகும் எழுந்து பார்ப்பேன். குழந்தை தூங்கினால் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். வந்தால், இவ்வளவு வேகமாக வரலாமா என்று கவலைப்படுவேன்.

நாங்கள் அப்போது கும்மிடிப்பூண்டியில், ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இரண்டாவது மாடியில் ஒரு வீட்டில் குடியிருந்தோம். எனக்குச் சொந்த ஊர் கடம்பத்தூர். கணவருக்கு ஆரம்பாக்கம். சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். அழுத்தம், வெப்பம் இவற்றையெல்லாம் அளக்கிற கருவிகளையும் அவற்றின் வயர்களையும் பார்த்துக்கொள்கிற வேலை. அது சம்பளத்துக்கு. ஷிப்ட் இல்லாத நாட்களில் ஒரு இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பார். ஒரு திருவிழா மேடையில் அவர் வாசிக்கிறதைக் கல்யாணத்துக்கு முன்பே ஒருமுறை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் இரண்டு வீட்டாரும் பேச ஆரம்பித்த சமயத்தில், மாப்பிள்ளை இவர்தான் என்று தெரியாமலேயே. அதை அவரிடம் சொன்னதில்லை.

முந்தைய கார்த்திகை மழையில், சிப்காட் திருப்பத்தில் லாரியிலிருந்து சிந்திய சேற்றில் அவருடைய பைக் சறுக்கியது. வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் உடைந்தன. எலும்பு கூடிவிட்டது; விரல்கள்தான் மடங்கவில்லை. ரப்பர் பந்தைப் பிடித்து அமுக்கச் சொன்னார்கள். மாதக்கணக்கில் அமுக்கினார். ஸ்பேனர் பிடிக்க மூன்று விரல் போதும், அதனால் வேலைக்கு ஆபத்தில்லை. கீபோர்டுக்கு அது போதவில்லை.

கை கட்டோடு அவர் வீட்டில் இருந்த நாட்களில்தான் பாப்பா தவழ ஆரம்பித்தாள். "இத ஓரமா எடுத்து வெச்சிடுங்களேன், வயரைப் புடிச்சி இழுக்கிறா," என்று ஒருநாள் சொன்னேன். வயரைப் பற்றிய பயத்தில் மட்டும்தான் சொன்னேன். அவர் இடது கையாலேயே கீபோர்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து, காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். இனிமேல் இது எதற்கு என்று நான் சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டாரோ என்ற சந்தேகம் அன்று இரவே வந்தது. கேட்கத் தைரியம் வரவில்லை. எட்டு மாதம் அது அங்கேயே கிடந்தது. நான் கூட்டும்போதெல்லாம் துடைப்பம் அந்தப் பையில் இடிக்கும்.

ஆடி நெருங்கியபோது, பெரியபாளையத்தில் குழு நடத்துகிற ஒருவர் போன் செய்து கீபோர்டை விலைக்குக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று இவரும் சொல்லிவிட்டார். அதே வாரம், ஷிப்டில் கூட வேலை செய்கிற ஒருவர் ஒரு யோசனை சொன்னார். கீபோர்டைக் கம்ப்யூட்டரில் இணைக்க ஒரு வயர் இருக்கிறது. அதில் சத்தம் போகாது. எந்தக் கட்டையை எப்போது அமுக்கினோம், எவ்வளவு அழுத்தி, எவ்வளவு நேரம் என்கிற குறிப்பு மட்டும் போகும். கம்ப்யூட்டர் அதை எழுதி வைத்துக்கொண்டு திரும்ப வாசிக்கும். வலது கை வாசிக்க வேண்டியதை முதலில் இடது கையால் வாசித்துப் பதிந்துவிட்டு, அது ஓடும்போதே இடது கையின் பங்கை அதன்மேல் வாசிக்கலாம். ஒரே கை இரண்டு கையாகிவிடும்.

என் தம்பி கொடுத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று படுக்கையறை மேசையில் இருந்தது. அடுத்த விடுமுறை நாளில் இவர் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வயரை வாங்கி வந்துவிட்டார். அதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை. கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். எட்டு மாதமாக அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள வேலை செஞ்சா வெச்சிக்கலாம் மா. இல்லன்னா குடுத்துடலாம். கட்டிலுக்கு அடியில கெடந்து இன்னாத்துக்கு?" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

அந்த வயரைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நடுவில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி. அதில் ஒரு சின்ன விளக்கு. ஒரு பக்கம் கம்ப்யூட்டரில் செருகுகிற முனை. மறுபக்கம் இரண்டு வால்கள். ஒரு வாலின் நுனியில் 'இன்' என்றும் மற்றதில் 'அவுட்' என்றும் எழுதியிருந்தது. கீபோர்டின் பின்புறத்திலும் வட்டமாக இரண்டு துளைகள். ஒன்றில் 'இன்', ஒன்றில் 'அவுட்'. அவர் 'இன்'னை 'இன்'னில் செருகினார். 'அவுட்'டை 'அவுட்'டில் செருகினார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. தொழிற்சாலையில் ஒவ்வொரு வயரின் நுனியிலும் எண் போட்ட ஒரு சின்ன வளையம் மாட்டியிருக்குமாம். பன்னிரண்டாம் நம்பர் வயர் பன்னிரண்டாம் நம்பர் திருகில்தான் போகும். ஆயிரம் வயர் இருந்தாலும் ஒன்றுக்கு ஒன்று. பதினோரு வருடத்தில் ஒரு வயரைக்கூட அவர் மாற்றிப் போட்டதில்லை.

வயரோடு ஒரு காகிதமும் வந்தது. அவர் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அதை நான்தான் எடுத்துப் பார்த்தேன். நாலைந்து வரி ஆங்கிலம், அதுவும் யாரோ அவசரத்தில் எழுதியதுபோல. கீழே ஒரு படம். படத்தில் வயரின் இரண்டு வால்களிலிருந்தும் கோடுகள் கிளம்பி, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு குறுக்காகப் போயின. 'இன்' என்ற வால், வாத்தியத்தின் 'அவுட்'டுக்கு. பார்த்தேன், அவ்வளவுதான். அடுப்பில் கஞ்சி பொங்குகிற சத்தம் கேட்டு, காகிதத்தைக் கட்டில்மேல் வைத்துவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்தபோது காகிதத்தில் பாதி இல்லை. பாப்பாவின் நாக்கு நீலமாக இருந்தது.

கணவர் அதற்குள் கடைக்குப் போயிருந்தார். வாய்க்குள் விரல்விட்டு எடுத்ததில் கொஞ்சம் கூழ் வந்தது. மீதி உள்ளே போய்விட்டது. அந்த மையில் என்ன விஷமோ என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் பக்கத்து டாக்டரிடம் ஓடினேன். அவர் நாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாளைக்குக் காலைல வெளிய வந்துடும் மா. நீங்க கொஞ்சம் தண்ணி குடிங்க," என்றார். வீட்டுக்கு வந்து, மிஞ்சிய ஈரக் காகிதத்தைக் குப்பையில் போட்டேன். குழந்தை கைக்கெட்டும் இடத்தில் காகிதத்தை வைத்த தாய் என்று பெயர் வாங்க எனக்கு விருப்பமில்லை.

அன்று மாலை வயர் வேலை செய்யவில்லை. அவர் முதலில் கேட்டதே அதைத்தான். "வயரோட ட்ராயிங் எதுனா வந்துச்சா?"

"இல்லங்க. விளம்பரம் மாதிரி ஒரு பேப்பர்தான் இருந்துச்சு," என்றேன்.

பொய் வாயிலிருந்து வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அவர் அந்த மஞ்சள் அட்டையைக் கட்டினார்.

அடுத்த நாலு நாட்கள் அவர் வேலை செய்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன். ஒரு மனிதர் தன் தொழிலை எப்படிச் செய்கிறார் என்பது பொதுவாக மனைவிக்குத் தெரியாது. தொழிற்சாலை கேட்டுக்குள் போகிறார், கேட்டிலிருந்து வருகிறார். உள்ளே என்ன செய்கிறார் என்பது எனக்கு அந்த வாரம்தான் தெரிந்தது.

புதன்கிழமை காலை ஷிப்ட் முடித்து, குளித்துவிட்டு வந்ததும் ஆரம்பித்தார். கீபோர்டு கூடத்தில், கதவோரம் இருந்த இரும்பு மேசைமேல் இருந்தது. வயர் கதவுவழியாகப் படுக்கையறைக்குப் போனது. அங்கே கம்ப்யூட்டர் முன்னால் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். தொழிற்சாலையிலும் இப்படித்தானாம். ஒருவர் கருவியருகே நின்று சைகை கொடுப்பார். இன்னொருவர் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து அது வருகிறதா என்று பார்த்துச் சொல்வார்.

"குடுக்கிறேன். இன்னா வருது மா?"

"ஒன்னும் வரலங்க."

"லைட்டு?"

"எரியுது. ஆனா மினுக்கல."

"சரி. அது இல்ல."

இந்த "சரி, அது இல்ல" என்பதை அவர் சொல்கிற விதம் எனக்கு வியப்பாக இருந்தது. அதில் சலிப்பே இல்லை. ஒரு வேலை முடிந்த திருப்திதான் இருந்தது. பழைய ஷிப்ட் நோட்டு ஒன்றில் பென்சிலால் ஒரு டிக் போடுவார். பென்சில் திரும்பக் காதுக்குப் பின்னால் போய்விடும். கம்ப்யூட்டரின் பின்பக்கத் துளையை மாற்றி முன்பக்கத்தில் செருகினார். டிக். சி.டி.யைப் போட்டு மென்பொருளை மறுபடி ஏற்றினார். டிக். பதிவு செய்கிற நிரலில் எந்த வழியாகக் கேட்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிற பட்டியல் இருந்தது. அதில் ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னார்.

"இதையும் அதையும் ஒண்ணா மாத்திப் பாக்கலாமாங்க? சீக்கிரம் ஆவும்," என்று நான் கேட்டேன்.

"ஒண்ணா மாத்துனா எதனால சரியாச்சின்னு தெரியாது மா. ஒரு வாட்டிக்கு ஒன்னுதான்."

நான் அப்படிப்பட்டவள் இல்லை. பால் திரிந்தால் பாலையும், பாத்திரத்தையும், அடுப்பையும், என்னையும் ஒரே நேரத்தில் சந்தேகப்படுவேன். அவர் ஒரு சந்தேகத்தைக் கையில் எடுத்தால், அதைத் தீர்த்து ஓரமாக வைத்த பிறகே அடுத்ததைத் தொட்டார். குழந்தை அழுதால் எழுந்து வந்து தூக்கிக்கொண்டு, இடது கையால் கட்டையை அமுக்கினார். ஒரு தடவைகூட மேசையைத் தட்டவில்லை. வயரை விற்ற கடைக்காரரைத் திட்டவில்லை.

வியாழக்கிழமை நான் ஒரு தடவை முயன்றேன்.

"ஏங்க, இந்த இன்-னு, அவுட்டுன்னு போட்டிருக்கே, அது கரெக்டாதானே இருக்கு?"

"அது மாறவே மாறாது மா. ஒன்னுக்கு ஒன்னு. அத மொதல்லியே பாத்துட்டேன்."

நோட்டில் முதல் டிக் அதற்குத்தான். பதினோரு வருட அனுபவம் போட்ட டிக். என்னிடம் இருந்ததோ, கஞ்சி பொங்குகிற நேரத்தில் பார்த்த ஒரு படத்தின் ஞாபகம். அந்தக் கோடுகள் உண்மையிலேயே குறுக்காகப் போயினவா? காகிதத்தின் மடிப்பைக் கோடு என்று நினைத்துவிட்டேனா? மாற்றிச் செருகி அந்தப் பெட்டி புகைந்துவிட்டால்? நான் சொன்னது தப்பானால் அவருடைய நேரம் வீண். சரியானால் நான் பொய் சொன்னது வெளியே வரும். எந்தப் பக்கம் பார்த்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பதே எனக்கு எளிதாக இருந்தது. பி.எஸ்ஸி. கணிதம் படித்தவள் நான். அந்த வாரம் அது எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை கீபோர்டைத் திறந்தார். திருகுகளை வரிசையாக ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்தார். எந்தத் திருகு எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அதே வரிசை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நான் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். திருகை விழுங்கினால் நாளைக் காலை வெளியே வரும் என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். திரும்பி வந்தபோது கரண்டு பார்க்கிற மீட்டரின் இரண்டு முனைகளையும் வயர் செருகுகிற துளைக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "கரண்டு வருது. உயிர் இருக்கு. ஆனா பேச மாட்டேங்குது," என்றார். விரல் மடங்காத வலது கை மீட்டரைத் தாங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மாலை எல்லா டிக்கும் முடிந்துவிட்டது. எங்கள் பகுதியில் காற்றோடு ஒரு கறுப்புத் தூசி வரும். ஜன்னல் எப்படி மூடினாலும் வெள்ளைத் துணியில் படியும். வெள்ளைக் கட்டைகளின்மேல் படிந்திருந்த அந்தத் தூசியை அவர் பழைய பனியன் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உள்ள போர்டு போயிருக்கும் மா. எட்டு மாசம் கட்டிலுக்கு அடியில கெடந்துச்சில்ல, ஈரம் ஏறியிருக்கும். சும்மா வாசிக்கிறதுக்கு நல்லாதான் இருக்கு. நாளைக்கு வர்றவர்கிட்ட சொல்லியே குடுத்துடலாம்."

கட்டிலுக்கு அடியில் என்றபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பெரியபாளையத்துக்காரரை அழைத்துவரப் பஸ் நிலையத்துக்குக் கிளம்பிப் போனார். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கீபோர்டின் எதிரில் நின்றேன். இரண்டு வால்களையும் உருவி மாற்றிச் செருக அரை நிமிடம் ஆகும். வேலை செய்தால், தானாக ஏதோ சரியாகிவிட்டது என்று சொல்லிவிடலாம். வேலை செய்யாவிட்டால் பழையபடி செருகிவிடலாம். யாருக்கும் தெரியாது. குனிந்து வயரைப் பிடித்தேன். அட்டை என் மணிக்கட்டில் வந்து உரசியது. அவருடைய கையெழுத்து. உடைந்த விரல்களோடு புதிதாகப் பழகிய, சற்றே சாய்ந்த எழுத்து.

ஏற்கனவே ஒரு பொய் சொல்லியாயிற்று. இதையும் செய்தால் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன். முடியவில்லை. கையை எடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தேன்.

வந்தவர் பெரிய உருவம். மைக்கில் பேசிப் பழகிய குரல். தோளில் ஒரு சுருள் நீல நைலான் கயிறு தொங்கியது. கீபோர்டை பஸ்ஸின் கூரையில் கட்டிக்கொண்டு போக.

"இன்னா தங்கச்சி, சௌக்கியமா? உங்க ஊட்டுக்காரரு ரெண்டு மாடி ஏத்துறாரே, மூச்சு வாங்குது. நைனா, இத எறக்க எனக்கு இன்னொரு ஆளு வேணும் போலக்குதே!"

"நாஷ்டா ஆச்சாண்ணே?" என்று கேட்டேன்.

"ஆச்சி மா. ஆனா கேட்டா வேணாம்னு சொல்ற பழக்கம் இல்ல."

பாப்பா எழுந்துகொண்டாள். அவர் அவளுக்குக் கயிற்றின் நுனியைக் காட்டி விளையாடினார். நான் சமையலறையிலிருந்து கணவரைக் கூப்பிட்டேன். குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

"இன்னா மா, பால் திரிஞ்சிடுச்சா?"

"இல்லங்க. ஒன்னு சொல்லணும்."

"பாப்பாவுக்கு இன்னா?"

"பாப்பாவுக்கு ஒன்னும் இல்ல. அந்த வயரோட ஒரு பேப்பர் வந்துச்சில்ல. விளம்பரம்னு சொன்னேனே. விளம்பரம் இல்ல, ட்ராயிங்தான். பாப்பா தின்னுட்டா. நான் கட்டில்மேல வெச்சிட்டு வந்துட்டேன். டாக்டராண்ட கூட்டிக்கினு போனேன். உங்களுக்குச் சொல்லல."

அவர் என்னைப் பார்த்தார். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். நாலு நாள் பெண்டு நிமிர்ந்ததே என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.

"படத்துல இன்னா இருந்துச்சு?" என்று கேட்டார்.

அதுதான் அவருடைய முதல் கேள்வி. இத்தனை வருடங்கள் கழித்தும், அவரைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கேள்விதான்.

"குறுக்க போவுதுங்க. வயர்ல இன்-னு இருக்கிறது கீபோர்டுல அவுட்டுக்கு. அப்படித்தான் நெனைக்கிறேன். மடிப்பாகூட இருக்கலாம். எனக்குச் சரியாத் தெரியல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இடது கை ஆள்காட்டி விரல் காற்றில் ஒரு கோடு போட்டது. பிறகு அதன் குறுக்கே இன்னொன்று. கண்ணைத் திறந்தபோது காது நுனிவரை சிவந்திருந்தது.

"பம்புலேந்து தண்ணி வர்ற வாயை இன்னொரு பம்பு வாயோட சேத்து வெச்சிருக்கேன் மா. வாயும் வாயும் பேசிக்கினு இருந்திருக்கு. காதும் காதும் கேட்டுக்கினு இருந்திருக்கு. நாலு நாளா!"

கூடத்துக்குப் போனார். குனிந்து மஞ்சள் அட்டையை அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "வா மா. நீ மாத்து. இது உன் பாயிண்டு," என்றார்.

"நானா? புகை எதுனா வந்துச்சின்னா?"

"வராது. வந்தாலும் நான் பாத்துக்கிறேன்."

இரண்டு வால்களையும் உருவி, குறுக்காகச் செருகினேன். அவர் படுக்கையறைக்குள் போய்க் கம்ப்யூட்டர் முன்னால், நாலு நாளாக நான் இருந்த இடத்தில் உட்கார்ந்தார்.

"குடு மா."

கீபோர்டில் நான் அதுவரை ஒரு கட்டையைக்கூடத் தொட்டதில்லை. ஒரு வெள்ளைக் கட்டையை அமுக்கினேன். கறுப்புப் பெட்டியின் விளக்கு கண்ணை மூடித் திறந்தது.

உள்ளேயிருந்து "வந்துச்சு," என்றார். மெதுவாகத்தான் சொன்னார். உடனே தொழிற்சாலைக் குரல் வந்தது. "ஒன்னு வந்தா போதாது. கீழ ஒன்னு, நடுவுல ஒன்னு, மேல ஒன்னு குடு."

கீழே, நடுவில், மேலே கொடுத்தேன். மூன்றுக்கும் "வந்துச்சு" என்றார். பெரியபாளையத்துக்காரர் பிஸ்கட்டைப் பாதி கடித்தபடி எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா நைனா நடக்குது இங்க? ஊட்டுக்குள்ளயே ட்ரங்க் கால் போட்டுப் பேசிக்கிறீங்க?"

"கொஞ்சம் இருங்கண்ணே. அஞ்சு நிமிஷம்."

கணவர் கீபோர்டு முன் வந்து நின்றார். எட்டு மாதத்துக்குப் பிறகு. உள்ளே பதிவு பட்டனை அமுக்கும்படி என்னிடம் சொன்னார். அம்மன் கோவில் மேடைகளில் வாசிக்கிற ஒரு பழைய மெட்டு அது. வலது கை வாசிக்க வேண்டிய பாகத்தை இடது கையால் வாசித்தார். பழக்கமில்லாத கை, இரண்டு இடத்தில் தடுக்கியது. நிறுத்தவில்லை. முடிந்ததும், "இப்ப அத ஓட விடு, கூடவே பதிவும் போடு," என்றார். அவர் வாசித்தது கீபோர்டிலிருந்தே திரும்ப வந்தது, கட்டைகள் அசையாமல். அதன்மேல், அதே இடது கையால், கீழ்க்கட்டைகளை வாசித்தார். இந்தமுறை அது பழகிய கை, தன் சொந்த இடம். தடுக்கவே இல்லை.

வலது கை மேசை விளிம்பில் இருந்தது. அதன் மூன்று விரல்களும் தாளம் போட்டன. மடங்காத இரண்டும் அவற்றோடு சேர்ந்து எழுந்து எழுந்து இறங்கின.

பிறகு இரண்டையும் சேர்த்து ஓட்டினோம். கூடம் முழுக்க இரண்டு கைகள் வாசிக்கிற இசை. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று, யாரோ வாசிப்பதைக் கேட்பதுபோல் கேட்டார். தடுக்கிய இடம் வந்தபோது முகத்தைச் சுளித்தார். அந்தச் சுளிப்பைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பிடிக்காத இடத்தைத் திருத்த நினைக்கிறவர் விற்க மாட்டார்.

பெரியபாளையத்துக்காரர் சட்டையில் விழுந்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"நல்லா பேஜாரு பண்ணிட்ட நைனா. ஆடிக்கு ஆறு கச்சேரி ஒத்துக்கினேன். இப்ப எந்த ஊட்டுல போயி கீபோர்டு கேக்கறது?"

"மன்னிச்சிக்கோங்கண்ணே. வாரத்துக்கு முன்ன சொன்னப்ப நெசமாத்தான் சொன்னேன்."

"தெரியுது, தெரியுது. எனக்கும் காது இருக்கு." என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, கீபோர்டு இல்லன்னு ஆயிடுச்சி. இன்னொரு காப்பியாவது உண்டா?"

இரண்டாவது காபியையும் குடித்துவிட்டுத்தான் போனார். பொன்னேரியில் தனக்குத் தெரிந்த ஒருவரிடம் ஒரு கீபோர்டு இருப்பதாகக் கணவர் சொல்லி, போன் நம்பரும் எழுதிக் கொடுத்தார். கயிற்றைப் பாப்பா விடவே இல்லை. "வெச்சிக்கோ கண்ணு, தூக்கிக்கினு போவறதுக்குத்தான் ஒன்னும் இல்லியே," என்று சிரித்துக்கொண்டே படி இறங்கினார்.

மாலை அந்த ஷிப்ட் நோட்டைப் பிரித்து அவர் எழுதிக்கொண்டிருந்தார். தொழிற்சாலையில் எந்தப் பழுதும் எழுதாமல் முடியக் கூடாதாம்; என்ன பழுது, என்ன காரணம், கண்டுபிடித்தது யார். நான் துணி மடிக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். பழுது என்ற இடத்தில் 'சிக்னல் இல்லை'. காரணம் என்ற இடத்தில் 'வயரைத் தவறாகச் செருகியது நான்'. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பெயர், இனிஷியலோடு. அதற்கும் கீழே, குறிப்பு: 'ட்ராயிங்கைப் பாப்பா சாப்பிட்டுவிட்டது.' முதல் நாள் போட்ட முதல் டிக்கை அவர் அழிக்கவில்லை. அதன்மேல் ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"தப்பா இருந்தா இன்னா பண்றதுன்னுதாங்க சொல்லல," என்றேன்.

"தப்பா இருந்தா 'அது இல்ல'ன்னு ஒரு டிக்கு போட்டிருப்பேன். அவ்வளவுதானே மா?"

அவ்வளவுதான். என் பயங்களுக்கெல்லாம் அந்த அளவு போதும் என்று எனக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை. நான் மாறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அன்று இரவும் கேஸை இரண்டு தடவை பார்த்தேன். ஆனால் முதல் தடவை பார்த்ததும், 'சரி, அது இல்ல' என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன். அவர் இருட்டில் சிரித்தது கேட்டது.

நீலக் கயிறு மொட்டை மாடிக்குப் போனது. மறுநாள் பாப்பாவின் சட்டைகளை அதில்தான் காயப்போட்டேன். கீழே, வீட்டுக்குள், அவர் தடுக்கிய அந்த இரண்டு இடங்களை இடது கையால் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்.